அண்ணனுக்காக நான் போட்ட கையெழுத்து

அம்மாவின் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த வாரத்தில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் இறந்த பிறகு பென்ஷன் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிறகு அது அண்ணனுக்கு வர வேண்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு ஆயுள் முழுக்க அப்படிக் கொடுக்க விதி உண்டு என்று தெரிந்து, அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தார்.

கவுன்டரில் இருந்த அம்மாள் காகிதங்களைப் புரட்டிவிட்டு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவன் வெள்ளைச் சட்டையை மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றான். அப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது. இவருக்கு லீகல் கார்டியன் யார் என்று அந்த அம்மாள் கேட்டார். நான்தான், தம்பி என்றேன். தம்பி என்பது உறவு, நான் கேட்பது காகிதம் என்று அவர் இந்தியில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. பதினெட்டு வயது முடிந்துவிட்டால் பெற்ற தாய்கூடக் கார்டியன் கிடையாது, கலெக்டர் ஆபீஸில் ஒரு குழு இருக்கிறது, அங்கே விண்ணப்பித்து உத்தரவு வாங்கி வரவேண்டும் என்று விளக்கினார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அம்மா அவனை நாற்பத்தாறு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, சட்டைப் பட்டன் போட்டுவிட்டு வளர்த்திருக்கிறாள். சட்டத்தின் கணக்கில் அதில் இருபத்தெட்டு வருஷம் அவனுக்கு யாருமே இல்லை.

எங்கள் வீடு தாராவியில். கீழே ஒரு அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு அறை. அண்ணன் அம்மாவோடு கீழே படுப்பான். நானும் என் மனைவியும் மேலே. அவள் சந்து முனையில் இருந்த பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதனால் தெருவே அவளை டீச்சர் என்று கூப்பிட்டது. அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவான். நான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணியிலிருந்து பைக்கில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது என் வேலை.

அண்ணனும் வேலைக்குப் போனவன்தான். இரண்டு சந்து தள்ளி இருந்த பிளாஸ்டிக் பட்டறையில் பாட்டில் மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்துப் போடுவான். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தான். பச்சையோடு நீலம் கலந்து அவன் ஒருநாளும் போட்டதில்லை என்று பட்டறைக்காரர் எல்லாரிடமும் சொல்வார். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி அம்மாவிடம் கொடுப்பான். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஆனால் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கடிகாரம் பார்க்காமலே சொல்லுவான். எப்போதாவது கால் போன போக்கில் கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து போய்விடுவான். அங்கே பூக்கடைப் பக்கம் யாராவது நம் ஆள் பார்த்து பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்துவிடுவார்கள். சந்தில் அவனைத் தெரியாதவர் கிடையாது.

குழுவுக்கு விண்ணப்பம் போட வேண்டுமானால் முதலில் புதிய மருத்துவச் சான்றிதழ் வேண்டும். பழையது அண்ணனுக்குப் பத்து வயதில் வாங்கியது, மடித்த இடமெல்லாம் கிழிந்துபோயிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் நாள் கொடுத்தார்கள். அங்கே ஒரு பரீட்சை உண்டு, அதில் மதிப்பெண் குறைவாக வந்தால்தான் சான்றிதழில் சதவீதம் அதிகமாகப் போடுவார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். அவருடைய சொந்தக்காரப் பையன் ஒருவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, சான்றிதழ் கிடைக்காமல் போயிற்றாம்.

டாக்ஸியில் போகும்போது அண்ணனிடம் சொன்னேன். யார் எது கேட்டாலும் தெரியாது என்று சொல்.

"ஏம்ல? எனக்குத் தெரியும்லா" என்றான்.

"தெரிஞ்சாலும் சொல்லாத."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பரீட்சை என்றதும் சந்தோஷமாகத்தான் கிளம்பியிருந்தான். தலையில் எண்ணெய் வைத்து வாரி, டீச்சரிடம் பேனா கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் குத்தியிருந்தான். பள்ளிக்கூடத்துக்கு அவன் போனது மொத்தமே மூன்று மாதம்.

பரீட்சை வைத்தது ஒரு சின்ன வயது மராட்டிப் பெண். மேஜையில் சிவப்பு மரக்கட்டை ஒன்றை வைத்து, இது என்ன நிறம் என்று இந்தியில் கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அவள் மறுபடி கேட்டாள். நிறம்தான் அவனுடைய தொழில். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டான். பிறகு அவளிடம், எனக்குத் தெரியும், தம்பி சொல்லக் கூடாதுன்னுட்டான் என்று அவனுக்குத் தெரிந்த பட்டறை இந்தியில் சொல்லிவிட்டான்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை. நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்று மட்டும் சொன்னாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மூடிய கதவுக்குப் பின்னால் அண்ணனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. லால், ஹரா, நீலா, பீலா என்று உரக்கச் சொன்னான். வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று அவள் கேட்பதும், டீச்சரைக் கூப்பிடுவேன் என்று அவன் சொல்வதும் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்த்து, கண் மினுங்கியது. எல்லாம் சொல்லிட்டேன்ல என்றான்.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. வேண்டிய சதவீதம் வந்திருந்தது. நான் பயந்ததற்கு அவசியமே இருக்கவில்லை. அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் முழு மூச்சாகச் சொல்லியும் எண் அவ்வளவுதான் வந்திருந்தது. அந்தக் காகிதத்தை டீச்சரிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, அவரு ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள்.

அடுத்தது உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம். எங்களுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி கோபர்கைரனேயில் இருக்கிறாள். அவளுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒருநாள் வேலை என்று நினைத்துப் போனேன். டீ கொடுத்தாள், மீன் பொரித்துக் கொடுத்தாள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அவர் யோசிக்கச் சொல்லுதாரு என்று கணவன் மேல் போட்டாள். தாராவியில் எங்கள் பகுதியில் அப்போதுதான் வீடுகளை அளந்து, கதவில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இடித்துக் கட்டும்போது யாருக்கு என்ன கிடைக்கும் என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. வீடு அம்மா பெயரில் இருந்தது.

"கார்டியன்னா நாளைக்கு அவன் பங்கும் உன் கையிலதான இருக்கும்?" என்று என் மச்சான் நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்ல முடியாது. சட்டப்படி அதுதான் உண்மை. பென்ஷனுக்காகத்தான் செய்கிறேன் என்றேன். ஆமா, இப்ப பென்ஷன் என்றார்.

நான்கு மாதம் இழுத்தது. இடையில் நான் மூன்று தடவை போனேன். கடைசியில் வீட்டைப் பற்றி எந்த முடிவும் மூன்று பேரையும் கேட்டுத்தான் என்று நான் தனியாக எழுதிக் கொடுத்த பிறகு தங்கை சம்மதித்தாள். நோட்டரி ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே வைத்திருந்தாள்.

"அண்ணே, அம்மா இருந்த வரைக்கும் ஒருநாள்கூட நான் அவனை என் வீட்ல வச்சுக்கிட்டதில்ல. எனக்கு அது தெரியாம இல்ல. எழுதணும்னா அதையும் இதுல எழுதிக்கோ."

எழுத அதில் இடம் எதுவும் இல்லை. அவள் அழுதாள் என்று சொல்ல முடியாது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அதோடு போயிற்று என்றும் சொல்ல முடியாது.

குழு எங்களைக் கூப்பிட்டபோது மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் நகரத்தின் தெற்கு முனையில், கோட்டைப் பக்கம். மூன்று பேரும் ரயிலில் போனோம். டீச்சர் பையில் மாத்திரை, பிஸ்கட், மாற்றுக் கால்சட்டை எல்லாம் எடுத்துக்கொண்டாள். அவள் பெயர் விண்ணப்பத்தில் இல்லாததால் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். அண்ணனும் நானும் உள்ளே போனோம்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு அதிகாரி. அவருக்கு ஒரு பக்கம் ஏதோ தொண்டு நிறுவனத்துக்காரர். இன்னொரு பக்கம் சக்கர நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அதிகாரி என்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். வேலை, வருமானம், வீடு, வழக்கு ஏதாவது உண்டா. எல்லாம் காகிதத்தில் இருந்ததுதான். முடியப்போகிற நேரத்தில் அந்தப் பெண் நாற்காலியை மேஜையைச் சுற்றி உருட்டிக்கொண்டு அண்ணனுக்கு எதிரே வந்து நின்றார். இந்தியில் மெதுவாகப் பேசினார்.

உங்களுக்குச் சாப்பாடு யார் போடுகிறார்கள் என்று கேட்டார்.

டீச்சர் என்றான்.

குளிக்க யார் உதவி செய்கிறார்கள்? டீச்சர். முதுகு மட்டும்தான், மீதி நானே என்று சேர்த்துச் சொன்னான். உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள்? டீச்சர். தம்பி என்ன செய்வார்?

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னைக் காப்பாற்ற ஏதாவது தேடினான் என்றுதான் எனக்குத் தோன்றியது. தம்பி வேலைக்குப் போவான் என்றான்.

யார் அந்த டீச்சர் என்று அதிகாரி கேட்டார். என் மனைவி, வெளியே இருக்கிறாள் என்றேன். கூப்பிடச் சொன்னார்கள். அவள் நனைந்த குடையும் பையுமாக உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள். நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று அந்தப் பெண் அவளைக் கேட்டார்.

"என்னை யாரும் கேக்கல மேடம்" என்றாள் டீச்சர்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. உண்மையிலேயே நான் அவளைக் கேட்கவில்லை. தம்பி இருக்கும்போது வேறு யார் என்று நானும் நினைத்தேன், தங்கையும் நினைத்தாள், வங்கியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அவளுமே அப்படித்தான் நினைத்திருப்பாள்.

விண்ணப்பம் என் பெயரில் இருப்பதால் உத்தரவும் என் பெயரில்தான் வரும் என்றார்கள். மனைவியின் பெயரைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. அண்ணன் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் அது வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தான். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிவிடக்கூடாது என்று அவளிடம் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். குடையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே, "கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான்.

உத்தரவு வந்தது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லாமினேட் செய்துகொண்டேன். வங்கி வேலை ஒரே வாரத்தில் முடிந்தது. எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி எத்தனை நாள் நீடித்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. ஒருநாள் காலையில் அண்ணனுக்கு முதுகு தேய்த்துவிடும்போது டீச்சருக்கு ஏதோ வாடை வந்திருக்கிறது. சாக்கடை என்று முதலில் நினைத்தாளாம். பிறகு குனிந்து அவன் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. சுற்றிலும் கறுத்திருந்தது. அவனுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தால், பட்டறையில் உடைந்த பிளாஸ்டிக் சில்லு ஒன்று அடியிலிருந்து மேலே குத்திக்கொண்டு நின்றது. எத்தனை நாளாக அதன் மேல் மிதித்து நடந்தானோ. சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில் அவனுக்கு வலிக்கவே இல்லை.

அவனுக்குச் சர்க்கரை என்று ஆறு வருஷமாக எங்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை நானே விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பேன். சர்க்கரை நோயாளிகளிடம் பாதத்தைப் பாருங்கள், தினமும் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். அந்த மாதங்களில் அவன் பெயரில் இருந்த ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் புண்ணைச் சுத்தம் செய்தார்கள், ஊசி மருந்து போட்டார்கள். இரண்டு வாரத்தில் கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும் என்றார் வார்டு டாக்டர். சின்ன வயதுப் பெண். அண்ணனுக்கு முன்னால்தான் சொன்னார். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்ல" என்று என்னிடம் சொன்னான். "என் காலு. நான் வேண்டாம்னு சொல்லுதேன்."

அவ்வளவு தெளிவாக அவன் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு நாள் அவனிடம் பேசினோம். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று டீச்சர் பொறுமையாக, அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அழுகின தக்காளிய கூடையில விட்டா மத்ததும் அழுகிரும்லா, அந்த மாதிரி என்றாள். அவனுக்கு அது புரிந்தது. தலையை ஆட்டினான். பிறகு வேண்டாம் என்றான். தங்கை கோபர்கைரனேயிலிருந்து பிரியாணி செய்து கொண்டுவந்தாள். சாப்பிட்டான். காலைப் பற்றிப் பேச்செடுத்ததும் அம்மா வரட்டும் என்றான்.

அம்மா செத்துப்போயிட்டாள்லா என்றாள் தங்கை.

"தெரியும்" என்றான். "வரட்டும்."

அம்மாவின் குழியில் மண் அள்ளிப் போட்டவன் அவன். அவன் மறந்து சொல்லவில்லை. முடியாத ஒன்றைக் கேட்டால் நாங்கள் விட்டுவிடுவோம் என்று நினைத்துச் சொன்னானோ என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நோயாளி மறுக்கிறார், அவருக்கு முடிவெடுக்கும் நிலை இருக்கிறதா என்று மனநல டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கும், அதற்கு ஒருநாள் ஆகும் என்று ஆரம்பித்தார். நான் பையிலிருந்து லாமினேட் செய்த உத்தரவை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, அப்படியானால் சரி, நீங்களே போடலாம் என்றார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே நிம்மதி வங்கியில் எனக்கும் இருந்தது.

படிவம் மராட்டியில் இருந்தது. நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதப் போனேன். கார்டியன் என்று எழுதுங்கள் என்றார் டாக்டர். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வார்டுக்கு வந்தபோது அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். டீச்சர் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். போட்டுவிட்டேன் என்றேன்.

"எடுக்காட்டி செத்திருவாருன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா அவரு வேண்டாம்னதும் என் காதுல விழுந்துச்சு."

போட்டிருக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. போட்டது சரி என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவனை உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது ஏதாவது சோதனைக்கு என்று நினைத்து அமைதியாக இருந்தான். எங்கே போகிறாய் என்று நானும் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்ததில் எனக்கு மிகவும் கேவலமாகத் தோன்றுவது அதுதான். கையெழுத்துப் போட எனக்குக் காரணம் இருந்தது. சொல்லாமல் இருந்ததற்கு எந்தக் காரணமும் இல்லை, பயத்தைத் தவிர.

மயக்கம் தெளிந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் போர்வையை விலக்கிப் பார்த்தான். நர்ஸிடம், எங்க வச்சிருக்காவ என்று தமிழில் கேட்டான். மலையாளி நர்ஸ், அவளுக்குப் புரிந்துவிட்டது. போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவன் என்னிடம் கேட்கவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

பிழைத்துக்கொண்டான். டாக்டர்கள் சொன்னது சரிதான், காய்ச்சல் இறங்கியது, புண் ஆறியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் நாங்கள் யோசிக்காமல் விட்டதெல்லாம் தெரிந்தது. எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. சந்து முனையில் பொதுக் கக்கூஸ், ஐந்து படி ஏற வேண்டும். சந்தின் அகலத்துக்கு சக்கர நாற்காலி நுழையாது. நடுவில் சாக்கடை மூடிகள் வேறு. ஒருநாள் நான் அவனைத் தூக்கிக்கொண்டு போக முயன்றேன். பாதி வழியில் என் கையைக் கடித்துவிட்டான். வாழ்நாளில் ஒரு பூனையைக்கூட அடிக்காதவன். நான் அப்படியே நின்றேன். கடித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு டீச்சர் ஓடிவந்து அவன் தோளைத் தட்டி விடுவித்தாள்.

ஒரு மாதம் படுக்கைக்குப் பக்கத்தில் பேசின் வைத்துச் சமாளித்துவிட்டு, செம்பூரில் தரைத்தளத்தில் கக்கூஸோடு ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தோம். டீச்சர் பால்வாடி வேலையை விட்டாள். அண்ணனிடம் போகலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றான். மறுபடியும் நாங்கள் அவனைக் கொண்டுபோனோம். இந்தத் தடவை கையெழுத்தெல்லாம் தேவைப்படவில்லை, ஒரு டெம்போ போதுமாக இருந்தது.

புது வீட்டில் அக்கம்பக்கம் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு இவன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக்கால் ஆள், அவ்வளவுதான். பழைய சந்திலிருந்து முதல் இரண்டு வாரம் சிலர் வந்து பார்த்தார்கள். பட்டறைக்காரர் ஒருநாள் ஆட்டோவில் வந்து ஒரு சாக்கு நிறைய மூடி இறக்கினார். பொழுது போகும், சும்மா பிரித்துக்கொண்டிருக்கட்டும் என்றார். அண்ணன் சாக்கைத் தொட்டுப் பார்த்தான். சனிக்கிழமை வரை பிரித்தான். சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் எங்கே என்று டீச்சரிடம் கேட்டான். அவள் நூறு ரூபாய் கொடுத்தாள். நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உன் ரூபா என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு சாக்கைத் திறக்கவில்லை.

தினமும் ஐந்து மணி வாக்கில், வீட்டுக்குப் போவோம் என்பான். இதுதான் வீடு என்பாள் டீச்சர். சரி என்பான். மறுநாள் திரும்பவும் அதே நேரத்துக்குச் சொல்வான். என்னிடம் சொல்ல மாட்டான். என் கையால் சோறு வாங்கச் சில மாதம் ஆயிற்று. இப்போது வாங்கிக்கொள்கிறான். கேட்டால் பதில் சொல்கிறான். தானாக என்னிடம் எதுவும் பேசுவதில்லை.

காலை எடுக்காமல் விட்டிருக்க முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முடியாது. அதே நிலைமை வந்தால் மறுபடியும் போடுவேன். ஆனால் இன்னும் இரண்டு நாள் முன்பே தொடங்கி அவனிடம் பேசியிருக்கலாம். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பான், அழுதிருப்பான். அது அவனுக்குச் சேர வேண்டிய உரிமை. இதையெல்லாம் டீச்சரிடம் ஒருநாள் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். அப்ப பேர மாத்திருவோமா என்றாள்.

கார்டியனை மாற்ற முடியும் என்று எனக்குத் தெரியாது. அவள் விசாரித்து வைத்திருந்தாள். எனக்கும் போன வருஷத்திலிருந்து சர்க்கரை. எனக்குப் பிறகு என்ன என்ற கேள்வியும் இருந்தது. இந்தத் தடவை நான் கேட்டேன், உனக்குச் சம்மதமா என்று. சம்மதம்தான், ஆனா அவரு வேண்டாம்னா நான் ரெண்டு தடவைக்கு மேல கேப்பேன், நாள் ஆவும், நீங்க பொறுத்துக்கிடணும் என்றாள். சரி என்றேன். தங்கை அழைத்த மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

புது விண்ணப்பத்தில் ஒட்ட அவளும் அண்ணனும் சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்து ஸ்டுடியோவுக்குப் போனோம். எதற்கு என்று டீச்சர் அவனுக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். புரிந்ததா இல்லையா என்று அவன் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டுடியோ வாசலில் உயரமான படி. ஆட்டோவிலிருந்து அவனை நான்தான் தூக்க வேண்டியிருந்தது. கீழே விழுந்துவிடாமல் இருக்க என் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நாற்காலியில் உட்காரவைத்ததும் கையை எடுத்துவிட்டான். டீச்சர் அவன் தலைமுடியைச் சரிசெய்து பக்கத்தில் நின்றாள். போட்டோவில் விழாமல் நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.